ஜெர்மானிய இல்லங்களில் உருளைக்கிழங்குத் தேர்வு: ஒரு மாமியாரியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உருளைக்கிழங்கைப் பற்றி வேளாண் துறையினர் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றுத் துறையினர் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்துவதாகவே இல்லை. ஆனால் ஒரு ஜெர்மானிய வீட்டில், சனிக்கிழமை காலை, துணிப்பையோடு சந்தைக்குப் புறப்படுகிறவரிடம் ‘எந்தக் கிழங்கு வாங்கப்போகிறாய்?’ என்று கேட்கப்படும்போது உண்மையில் நடப்பதென்ன என்பதை எந்தத் துறையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கவே மாமியாரியல் என்னும் புதுத் துறை இங்கே தொடங்கிவைக்கப்படுகிறது.

நாடுகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பண்பாட்டு முரண்பாடும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. உருளைக்கிழங்கு விஷயத்தில் நிலைமை நேர்மாறு என்பதே இவ்வாய்வின் கருதுகோள். அது மெய்ப்பிக்கப்பட்டதா என்பது கடைசிக்கு முந்திய இயலில் தெரியும். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

இயல் 1: முன்னோர் செய்த பணிகள்

ஆய்வேட்டின் முதல் இயல் வரலாறாக இருக்க வேண்டும், அதைத் தேர்வாளர் படிக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மரபு. மரபை மீறாமல் சுருக்கமாகச் சொல்வோம்.

தென் அமெரிக்க மலைகளிலிருந்து கப்பலேறி வந்த இந்தக் கிழங்கு, ஜெர்மானிய மண்ணில் முதலில் பெரிய மனிதர்களின் தோட்டங்களில் பூச்செடியாகத்தான் இருந்தது. வயலில் பயிராக இறங்கியது வடக்கு பவேரியாவின் பில்கிராம்ஸ்ராய்ட் என்ற சிற்றூரில், 1647 வாக்கில் என்று அவ்வூரார் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃப்ரெடரிக். 1756 மார்ச் 24ஆம் தேதி அவர் சைலீசியா அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்தக் கிழங்கின் நன்மையைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லி நடச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். குடியானவர்கள் அசையவில்லை என்றும், அரசர் வயலைச் சுற்றிக் காவல் போட்டு, காவலரைத் தூங்குவதாக நடிக்கச் சொல்லி, அவர்களைத் திருட வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஆவணம் இருப்பது சுற்றறிக்கைக்கு. மக்கள் நம்புவது கதையை. இன்றும் போட்ஸ்டாமில், சான்சூசி அரண்மனை வளாகத்திலுள்ள அவர் கல்லறைமீது உருளைக்கிழங்குகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். எந்த ரகம் வைக்கிறார்கள் என்பதை யாரும் பதிவுசெய்யவில்லை. முன்னாய்வுகளின் பெரிய இடைவெளி அது.

தென்மேற்கே ஓஃபன்பர்க் நகரத்தார் 1853இல் ஆங்கிலேயக் கடலோடி ஃப்ரான்சிஸ் டிரேக்குக்குச் சிலை எடுத்தார்கள். ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கைத் தந்தவர் என்று. தந்தவர் அவரல்லர். 1939இல் நாஜிகள் அந்தச் சிலையை அகற்றியபோதும், ஆள் மாறிவிட்டது என்பதற்காக அகற்றவில்லை. ஆங்கிலேயர் என்பதற்காக அகற்றினார்கள்.

போர்களையும் விட்டுவிட முடியாது. 1778–79இல் பவேரிய வாரிசுரிமைக்காகப் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிக்கொண்டபோது பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரு தரப்புச் சிப்பாய்களும் சாப்பாடு தேடி அலைவதிலேயே காலம் போக்கியதால் அதற்கு ‘உருளைக்கிழங்குப் போர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உருளைக்கிழங்கை முன்னிட்டு வெளிப்படையாகச் சண்டையிடாமல், ஆனால் சமாதானமும் ஆகாமல், நீண்ட காலம் எதிரெதிரே முகாமிட்டிருக்கும் ஜெர்மானிய வழக்கத்துக்கு இதுவே ஆதிச் சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், மேற்கு ஜெர்மானியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 180 கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு போனது. இன்று சுமார் 60 கிலோ. அதிலும் பெரும்பங்கு சிப்ஸாகவும் ஃப்ரெஞ்சு ஃப்ரைஸாகவும் தொழிற்சாலைப் பொட்டலமாகவும்தான் வீட்டுக்கு வருகிறது. தின்பது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதைப் பற்றிய அபிப்பிராயபேதம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

இயல் 2: களமும் தகவலாளிகளும்

ஆய்வுக் களம், ஹனோவர் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறை. ஆய்வாளர் அந்த வீட்டு மருமகள் என்பது களத்தேர்வுக்கு ஒரு காரணம். அறிவியல் காரணங்களும் உண்டு. ஹனோவரைத் தலைநகராகக் கொண்ட லோயர் சாக்ஸனி மாநிலத்தில்தான் ஜெர்மனியின் உருளைக்கிழங்கில் ஏறத்தாழப் பாதி விளைகிறது. போதாக்குறைக்கு, பயிர் ரகங்களுக்கு ஒப்புதல் தரும் மத்திய அரசு அலுவலகமும் இதே ஊரில் இருக்கிறது. அதாவது ஜெர்மனியில் எந்தக் கிழங்கு விற்கத் தகுந்தது என்று தீர்மானிக்கும் இரண்டு அதிகார பீடங்கள், அரசு அலுவலகமும் ஆய்வாளரின் மாமியாரும், ஒரே மாநகராட்சி எல்லைக்குள் இயங்குகின்றன. இருவருக்கும் இதுவரை எல்லைத் தகராறு வந்ததில்லை.

தகவலாளி 1: மாமியார். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு ஸ்வாபியக் கிராமத்தில் பிறந்தவர். ஸ்வாபியர் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள்.

தகவலாளி 2: மாமனார். ஹாம்பர்க் துறைமுகக்காரர். குறைவாகப் பேசுவார். பேசாத நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தகவலாளி 3: மேல்தளத்து அம்மையார். துரிங்கியாக்காரர், பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வீட்டு வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும்.

தகவலாளி 4: ஆய்வாளரின் அம்மா. மேட்டுப்பாளையம். வீடியோ அழைப்பில் மட்டும் கிடைப்பார். வேளை கெட்ட வேளையில் கிடைப்பார்.

ஆய்வாளரின் கணவர் தகவல் தர மறுத்துவிட்டார். ஸ்வாபியத் தாய்க்கும் ஹாம்பர்க் தந்தைக்கும் ஒரே மகனாகப் பிறந்தவருக்கு நடுநிலைமை என்பது கொள்கையல்ல, பிழைக்கும் வழி.

இயல் 3: வகைப்பாடு

ஜெர்மானியக் கடைகளில் உருளைக்கிழங்குப் பையின்மேல், ரகத்தின் பெயரோடு, வெந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் எழுதியிருக்கும். பிரிவுகள் மூன்று. வெந்தாலும் வடிவம் குலையாதது ‘ஃபெஸ்ட்கோகெண்ட்’; இங்கே கெட்டிக் கிழங்கு எனப்படும். வெந்ததும் பொலபொலவென்று உதிர்வது ‘மேலிக்கோகெண்ட்’, மாவுக் கிழங்கு. இரண்டுக்கும் நடுவே ‘ஃபோர்வீகெண்ட் ஃபெஸ்ட்கோகெண்ட்’ என்று, பெயர் நீளமும் கொள்கைத் தெளிவின்மையும் கொண்ட ஒரு பிரிவு, இடைக் கிழங்கு. பல பைகளில் கெட்டிக்குப் பச்சை, இடைக்குச் சிவப்பு, மாவுக்கு நீலம் என்று நிறமும் இட்டிருப்பார்கள். ஆகவே ஜெர்மன் எழுத்துக் கூட்டத் தெரியாத மருமக்களையும் கடைக்கு அனுப்பலாம்.

சாலட்டுக்கும், வறுவலுக்கும், பால் ஊற்றி அடுப்பில் சுடும் அடுக்குக்கும் கெட்டி. மசியலுக்கும், சூப்புக்கும், பிடித்துவைத்து வேகவிடும் உருண்டைகளுக்கும் மாவு. உப்புத் தண்ணீரில் வேகவைத்து இறைச்சிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு இடை. இது சட்டமல்ல. ஆனால் சட்டத்தை மீறினால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

ஒரு கிழங்கு ஏன் உதிர்கிறது, இன்னொன்று ஏன் உதிர்வதில்லை? கிழங்கின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது பெக்டின் என்னும் பசை. உயிரணுக்களுக்குள் இருப்பது ஸ்டார்ச். வேகும்போது ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. ஸ்டார்ச் கூடுதலாக உள்ள கிழங்கில் உயிரணுக்கள் புடைத்து, பிடிப்பு விட்டு, தனித்தனியே பிரிந்து மாவாகின்றன. குறைவாக உள்ளதில் ஒட்டியபடியே இருந்துவிடுகின்றன. இரு கோடிகளுக்கும் இடையிலான ஸ்டார்ச் வித்தியாசம், எடையில் நூற்றுக்கு ஒரு நாலைந்து பங்குதான். குடும்பங்கள் இதைவிடச் சின்னக் காரணங்களுக்குப் பாகம் பிரித்திருப்பதால் இந்த அளவை அலட்சியப்படுத்தலாகாது.

பையில் எழுதியிருப்பதை நம்பாமல் நேரில் சோதிக்கவும் வழி உண்டு. ஸ்டார்ச் கூடினால் அடர்த்தி கூடும். ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்குகளைப் போட்டால் கெட்டி மிதக்கும், மாவு மூழ்கும். இச்சோதனை ஒரு பிளாஸ்டிக் வாளியில் தகவலாளி 1 முன்னிலையில் நடத்தப்பட்டது. பச்சைப் பைக் கிழங்கு மிதந்தது; நீலப் பைக் கிழங்கு அடியில் போய் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். “இதைத்தானே பையிலேயே எழுதியிருக்கிறார்கள்?” என்றார். பிறகு உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குலுக்கிப் பார்த்தார்.

இடைக் கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு கூட்டணி ஆட்சி. எல்லா வேலையையும் ஒருவாறு செய்யும். எந்த வேலையைச் செய்தாலும் யாராவது ஒருவருக்கு மனக்குறை இருக்கும். ஆனாலும் வீட்டில் இருவருக்கும் பொதுவாக எதையாவது வாங்கிவரச் சொன்னால் கை அங்கேதான் போகும். மாமனாரை மட்டும் தனியே சந்தைக்கு அனுப்பிய நாட்களில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சிவப்புப் பைதான்.

இயல் 4: சீக்லிண்டே, லிண்டா மற்றும் வாரிசுரிமை

ஜெர்மனியில் அரசு ஒப்புதல் பெற்ற உருளைக்கிழங்கு ரகங்கள் 200க்கு மேல். சந்தையில் கண்ணில் படுபவற்றில் பெரும்பான்மை பெண்பெயர்கள்: அன்னபெல், லாரா, நிக்கோலா, மராபெல், பெலானா. சனிக்கிழமைச் சந்தையில் ஒருவர் “லாரா வேண்டாம், அன்னபெல் இருந்தால் இரண்டு கிலோ போடுங்கள்” என்று உரக்கச் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்தவர்கள் திகைக்கலாகாது.

இவற்றுள் இருவர் இவ்வாய்வுக்கு முக்கியம். தகவலாளி 1 சீக்லிண்டே பக்தர். 1935இல் ஒப்புதல் பெற்ற இந்தக் கெட்டிக் கிழங்கு, இன்றும் பட்டியலில் உள்ளவற்றில் மிக மூத்தது. மெல்லிய தோல், நீள உருவம், மஞ்சள் சதை. ஸ்வாபிய சாலட்டுக்கென்றே பிறந்தது என்பது அவர் வாதம். தகவலாளி 2 லிண்டா கட்சி.

லிண்டாவுக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. 1974இல் ஒப்புதல் பெற்ற இந்த ரகத்துக்கு வித்துரிமைப் பாதுகாப்பு 30 ஆண்டு. அந்தக் கெடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் உரிமத் தொகை கட்டாமல் பயிரிடலாம். முடியும் தறுவாயில், 2004இல், உரிமை வைத்திருந்த நிறுவனம் லிண்டாவின் ஒப்புதலையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒப்புதல் இல்லாத ரகத்தை வித்தாக விற்க முடியாது. ஆக, கிழங்குக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லூனபர்க் ஹீத் பகுதியைச் சேர்ந்த கார்ஸ்டன் எல்லன்பெர்க் என்ற விவசாயி விடவில்லை. லிண்டாவைக் காப்பாற்றுங்கள் என்று இயக்கம் கிளம்பியது, நாளிதழ்கள் எழுதின, சாப்பிடுகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2010இல் ஹனோவர் அலுவலகம் லிண்டாவுக்கு மறுபடி ஒப்புதல் வழங்கியது.

எதற்கும் தெருவில் இறங்காத மாமனார், லிண்டாவுக்காக ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது களப்பணியில் தெரியவந்தது. மாமியாருக்கும் இது அப்போதுதான் தெரியும். “எனக்குத் தெரிந்து இவர் எழுதிய ஒரே காதல் கடிதம்” என்றார் அவர், கிழங்கைச் சீவிக்கொண்டே.

இயல் 5: முதன்மைச் சான்று – உருளைக்கிழங்கு சாலட்

கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை, டிசம்பர் 24. மறுநாள் வாத்து, அதற்கு மறுநாள் விருந்து என்று வரிசையாக இருந்தாலும், அன்று இரவு ஜெர்மானிய வீடுகளில் மிகப் பரவலாகச் சாப்பிடுவது உருளைக்கிழங்கு சாலட்டும் வேகவைத்த சாசேஜும்தான். எளிய உணவு; தேவாலயத்துக்குப் போகும் அவசரத்தில் வேலை குறைவு என்று காரணம் சொல்வார்கள். எளிய உணவுகளில்தான் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதை மாமியாரியலார் அறிவர்.

வடக்கத்தி முறை: கெட்டிக் கிழங்கை வேகவைத்து, ஆறவிட்டு, வில்லையாக நறுக்கி, மயோனெய்ஸ், ஊறுகாய் வெள்ளரி, வேகவைத்த முட்டை, வெங்காயம் சேர்த்துப் பிசிறி, குளிர்பெட்டியில் வைப்பது. முதல் நாளே செய்துவைத்தால் உத்தமம். சில வீடுகளில் ஆப்பிளும் விழும்.

தெற்கத்தி முறையை ஆய்வாளர் அருகில் நின்று கண்டார். மாமியார் கிழங்கைத் தோலோடு வேகவைத்தார். ஒன்றுபோல அளவுள்ளவையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார், எல்லாம் ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்பதற்காக. இறக்கிய சூட்டிலேயே உரிக்க வேண்டும். அதற்கென்று ஒரு குட்டி முள்கரண்டி அந்நாட்டில் உண்டு. மூன்று மெல்லிய முட்கள் முக்கோணமாக நிற்கும். கிழங்கு உடையாமல் குத்திப் பிடிக்க. இடது கையில் அதைப் பிடித்துக் கிழங்கைத் திருப்பித் திருப்பி, வலது கையிலிருந்த சின்னக் கத்தியால் தோலை நுனியிலிருந்து இழுத்தார். தோல் ஒரே சுருளாக வந்தது. மெல்லிய வில்லைகள் ஆவி பறக்கக் கிண்ணத்தில் விழுந்தன. அதன்மேல் சுடச்சுட மாட்டிறைச்சிச் சாறு, வினிகர், கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம். எண்ணெய் மட்டும் கடைசியில்தான். முதலிலேயே விட்டால் சாறு உள்ளே இறங்காது. பிறகு கிண்ணத்தைக் காதருகே கொண்டுவந்து கிளறினார். சளப் சளப் என்றது. சத்தம் வராத சாலட் ஸ்வாபியாவில் சாலட் அல்ல. சமையலில் ஒலியியலை அளவுகோலாக்கிய வேறு மக்கள் இருக்கிறார்களா என்பது தனியே ஆராயத்தக்கது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்களை முதலில் விசாரிக்கலாம்.

இதில் ஆய்வாளர் கண்ட புதிர் ஒன்று உண்டு. வடக்கும் தெற்கும் எல்லாவற்றிலும் முரண்பட்டாலும், சாலட்டுக்குக் கெட்டிக் கிழங்கே என்பதில் அணுவளவும் முரண்படவில்லை. ஒரே பச்சைப் பையிலிருந்து இரண்டு கிண்ணங்கள் புறப்படுகின்றன. அந்த வீட்டில் டிசம்பர் 24 மேசையில் இரண்டு கிண்ணமும் இருக்கும். இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் கணவர், முதலில் எதில் கரண்டியைப் போட்டார் என்பதை இரு தரப்பும் தட்டைப் பார்த்தபடியே கவனிக்கும்.

இயல் 6: மேல்தளத்துச் சான்று

தகவலாளி 3க்குக் கிழங்கென்றால் மாவுக் கிழங்குதான். கிழக்கு ஜெர்மனியில் 1975இல் வெளியான அட்ரெட்டா ரகத்தை அவர் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார். அவர் செய்வது துரிங்கிய உருண்டை. மூன்றில் இரண்டு பங்கு கிழங்கைப் பச்சையாகத் துருவி, துணியில் கட்டி ஒட்டப் பிழிந்து, பிழிந்த நீரின் அடியில் தங்கும் மாவை மறுபடி சேர்த்து, மீதி ஒரு பங்கை வேகவைத்துக் கூழாக்கிக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றிக் கிளறி, நடுவில் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு வைத்து உருட்டி, தளதளவென்று கொதிக்காத வெந்நீரில் விடுகிறார். கெட்டிக் கிழங்கில் இதைச் செய்தால் உருண்டை உருண்டையாக நில்லாது. வைமாருக்கு அருகே ஹைஷல்ஹைம் என்ற ஊரில் இந்த உருண்டைக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

கத்தியால் வெட்டக் கூடாது, முள்கரண்டியால் பிய்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. பிய்த்த பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் இறைச்சிக் குழம்பை நன்றாக உறிஞ்சும். முழுக் கிழங்கையும் மேசையில் கத்தியால் வெட்டக் கூடாது என்று ஜெர்மனியில் பழைய மரியாதை விதி ஒன்று உண்டு. இரும்புக் கத்தி கிழங்கு பட்டால் கறுத்துவிடும் என்பது அதன் காரணம். துருப்பிடிக்காத கத்தி வந்து எத்தனையோ காலமாகியும், மாமனார் இன்னமும் முள்கரண்டியால்தான் நசுக்குகிறார். காரணம் போன பிறகும் நிற்பதற்குத்தான் மரியாதை என்று பெயர்.

குளிர்காலம் முழுமைக்கும் இலையுதிர்காலத்திலேயே 50 கிலோ மூட்டையாக வாங்கி, நிலவறையில் மரச்சட்டத்தில் கொட்டி, இருட்டில் வைக்கும் வழக்கத்தையும் இவர் விடவில்லை. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையேறும்; பச்சையேறியதில் சோலனின் என்னும் நஞ்சு சேரும். குளிர் நான்கு பாகைக்குக் கீழே போனால் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறிக் கிழங்கு தித்திக்கும். தேர்வு என்பது வாங்குவதோடு முடிவதில்லை, மார்ச் மாதம் வரை தொடர்வது என்பது இவர் தரப்பு.

இயல் 7: ஒப்பீட்டுத் தரப்பு

தமிழர் ரகம் பார்ப்பதில்லை என்ற முற்கோளோடுதான் இவ்வியல் தொடங்கப்பட்டது. தகவலாளி 4 தொடக்கத்தில் அதற்கு ஒத்துழைத்தார். “ஏஞ்சாமி, ஒரு உருளைக்கிழங்கு வாங்கறதுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை ரோசனை?” என்றார். அடுத்த மூச்சிலேயே, “அது ஊட்டிக் கிழங்கான்னு மட்டும் கேட்டு வாங்கு” என்றார்.

மேட்டுப்பாளையம், நீலகிரிக் கிழங்கு இறங்கி ஏலம் போகும் ஊர். அங்கே வளர்ந்தவருக்கு மலைக்கிழங்குக்கும் வடக்கேயிருந்து லாரியில் வரும் கிழங்குக்கும் உள்ள வித்தியாசம் தோலில் ஒட்டிய மண்ணின் நிறத்திலேயே தெரியும். தெரியாதவர்கள் கடைக்காரரைக் கேட்பார்கள். ‘ஊட்டியா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொன்ன கடைக்காரர் தமிழகத்தில் இதுவரை பதிவாகவில்லை. ஆகவே கேட்டபிறகு, நகத்தால் தோலை லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். ஜெர்மானியர் பையை நம்புகிறார்; தமிழர் நகத்தை நம்புகிறார்.

உண்மையான வேறுபாடு அதற்குப் பிறகுதான். ஜெர்மானிய வீட்டில் முதலில் பதார்த்தம் முடிவாகும்; அதற்கேற்ற கிழங்கைத் தேடிப் போவார்கள். தகவலாளி 4 வீட்டில் முதலில் கிழங்கு வந்துவிடும். வெந்த பிறகு அது காட்டும் குணத்தைப் பார்த்துப் பதார்த்தம் முடிவாகும். கெட்டியாக நின்றால் வறுவல். குழைந்துவிட்டால் பூரிக்குக் கிழங்கு. இரண்டுங்கெட்டானாக இருந்தால் சாம்பார். எந்தக் கிழங்கும் அங்கே தோற்பதில்லை. சமைக்கிறவரின் திட்டம்தான் மாறுகிறது. வேதியியலிலும் அவர் சளைத்தவர் அல்லர். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது, முதலிலேயே வேகவைத்துக்கொள் என்பது அவர் மகளுக்குச் சொன்ன முதல் பாடங்களில் ஒன்று. புளிப்பு பட்டால் பெக்டின் இளகாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். வெந்த வில்லைமேல் மாமியார் வினிகர் ஊற்றுவதும், அது அதற்குமேல் குழையாமல் நிற்பதும் இந்தப் பாடத்தின் மறுபக்கம்.

மசியலுக்கு மாமியார் மிக்சியைத் தொடுவதில்லை. மிக்சியின் வேகத்தில் உயிரணுக்கள் கிழிந்து ஸ்டார்ச் வெளியேறி, மசியல் கோந்தாகிவிடும். ஸ்வாபியர்கள் தங்கள் ‘ஷ்பெட்ஸ்லே’ மாவைப் பிழிய வைத்திருக்கும் கையழுத்தியிலேயே கிழங்கையும் வைத்துப் பிழிகிறார். வீடியோவில் அதைக் கண்ட தகவலாளி 4, “அட, இது நம்ம சந்தகை புழியற மிஷினாட்டமே இருக்குது!” என்று மகிழ்ந்து, அன்று முதல் அந்தச் சம்பந்தியிடம் தனி மரியாதை வைத்திருக்கிறார்.

இயல் 8: கண்டறிந்த விதி

கோபத்தை அளக்காமல் பண்பாட்டு வேறுபாட்டை அளக்க முடியாது. இதற்காக ஆய்வாளர் நான்கு படிகள் கொண்ட சினமானி ஒன்றை வகுத்தார். முதற்படி, ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்று சொல்லுதல். இரண்டாம் படி, புருவம். மூன்றாம் படி, குளிர் எவ்வளவு இருந்தாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறத்தல். நான்காம் படியும் உச்சமும், ‘அவரவர் விருப்பம்’ என்று அமைதியாகக் கூறுதல்.

தகவலாளி 1மீது இது பொருத்திப் பார்க்கப்பட்டது. ஆய்வாளர் மாவுக் கிழங்கில், கடுகு, பெருங்காயம், மஞ்சள் போட்டு வறுவல் செய்தார். வீட்டு விதிகளையெல்லாம் ஒருங்கே மீறிய செயல். முடிவு: முதற்படி. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். வறுவலின் பிறப்பிடம் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால்.

துரிங்கிய அம்மையார் கொண்டுவந்து கொடுத்த உருண்டை: இரண்டாம் படி. மாமனாரின் மயோனெய்ஸ் கிண்ணம்: மூன்றாம் படி, டிசம்பர் மாதத்தில். ஹாம்பர்க்கிலிருந்து மாமியாரின் கிராமம் சாலை வழி 600 கிலோமீட்டருக்கு மேல்.

நான்காம் படியை எட்டியவர் யார்? மாமியாரின் சொந்தத் தங்கை. அதே கிராமம், அதே தாயின் கைப்பாகம், அதே சீக்லிண்டே, அதே சூடான சாறு. ஆனால் தங்கை சாலட்டில் பச்சை வெள்ளரிக்காயைச் சீவிப் போடுகிறார். இதைப் பற்றிக் கேட்டபோது மாமியார் கைத்துண்டை நான்காக மடித்துவைத்தார். “அவரவர் விருப்பம்” என்றார்.

இதிலிருந்து பெறப்படும் விதி: உருளைக்கிழங்கு பற்றிய சினம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தொலைவில் இருப்பவர் செய்வது வழக்கம். அடுத்த மாநிலத்தார் செய்வது பிழை. உடன்பிறந்தவர் செய்வது துரோகம். அயலாருக்குத் தெரியாது என்று மன்னிக்கலாம். தெரிந்தே வெள்ளரிக்காய் போடுகிறவரை எப்படி மன்னிப்பது?

விதி ஸ்வாபியாவுக்கு மட்டும் உரியதா என்றறிய, தகவலாளி 4இடம் மயோனெய்ஸ் சாலட் காட்டப்பட்டது. “அவங்க ஊரு வழக்கம் அது. குளிருக்குத் தோதா இருக்குமாட்ட இருக்குது” என்று ஏற்றுக்கொண்டார். பேச்சு பூரிக் கிழங்குக்குத் திரும்பியது. பக்கத்துத் தெருவில் வசிக்கும் அவருடைய நாத்தனார் நினைவுக்கு வந்தார். “உங்கத்தைகாரி அதுல தக்காளியப் போட்டுக் கொளகொளன்னு பண்ணி வெச்சுப்போட்டு, அதுக்குப் பேரு பூரிக்கிழங்காமா! எந்த ஊர்லடி போடுவாங்க தக்காளி?” என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. சினமானியில் அவருக்குப் படிகள் போதவில்லை. விதி கண்டம் கடந்து மெய்ப்பிக்கப்பட்டது.

இயல் 9: மேலாய்வுக்கான பரிந்துரை

இவ்விதியின்படி தூரம் சுழியானால் சினம் முடிவிலியை எட்ட வேண்டும். அதற்கான களம், ஒரே அடுப்பில், ஒரே வாணலியில் சமைக்கும் தம்பதியர். பொருளும் தயாராகவே இருக்கிறது. முதல் நாள் வேகவைத்து மிஞ்சிய கெட்டிக் கிழங்கை மறுநாள் வெண்ணெயில் வறுத்தெடுக்கும் ஜெர்மானிய வழக்கத்தில், வாணலியை மூடி வறுப்பதா, மூடாமல் வறுப்பதா என்பது தீராத கேள்வி. மூடினால் உள்ளே பதமாகும். மூடாவிட்டால் மேலே மொறுமொறுக்கும்.

தகவல் தர மறுத்த கணவர் மூடுகிற கட்சி. ஆய்வாளர் மூடாத கட்சி. ஆகவே இவ்வியலை எழுதும் தகுதி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. நடுநிலையான ஆய்வாளர் ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். 7,000 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவிலிருந்து வருவது நலம். தங்குமிடம் தரப்படும். வாணலிமூடியைத் தொட அனுமதியில்லை.